லாபம், ரெண்டு, மூணு, நாலு, வெட்டு

"ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, வெட்டு!"

ஜெமி சிலேட்டில் நாலு கோடுகளை நெட்டுக்குத்தாகப் போட்டு, ஐந்தாவதைக் குறுக்கே சாய்த்து இழுத்தாள். மூன்றரை வயசுப் பிள்ளை. இழுத்த இழுப்பில் குச்சி ஒடிந்துபோனது.

"அஞ்சு எங்க?" என்றாள் அம்மா ஜெபசுதா.

"வெட்டிட்டேன்."

ஜெபசுதா புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். நேசக்குமாருக்குத் துறைமுகத்தில் டாலி கிளார்க் வேலை. கப்பலிலிருந்து இறங்கும் ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு கோடு; நாலு கோடு ஆனதும் ஐந்தாவது குறுக்கு வெட்டு. பதினோரு வருஷமாக அப்படித்தான் எண்ணுகிறான். பிள்ளைக்கு எண் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தபோதும் கை பழக்கத்தில் வெட்டிவிட்டது. வாயும் கூடவே போய்விட்டது.

"ஒங்ககிட்ட விட்டேம் பாருங்க, என்னைச் சொல்லணும். வெட்டுக்கு அப்புறம் என்னன்னு கேட்டா மறுபடியும் ஒண்ணுங்கா. இன்னும் ஆறு நாளுதான் இருக்கு!"

ஆறாம் நாள் சனிக்கிழமை. 'காலை பத்து மணிக்குக் குழந்தையுடன் அலுவலகத்துக்கு வரவும்' என்று எல்கேஜிக்கு விண்ணப்பம் போட்டிருந்த பள்ளிக்கூடத்திலிருந்து மெசேஜ் வந்திருந்தது. எதற்கு என்று அதில் இல்லை. அதைக் கேட்கவும் வேண்டுமா? இன்டர்வியூதான். பத்து வரை எண்ணச் சொல்வார்களாம் என்று மாடிவீட்டுப் பொன்செல்வி வேறு கொளுத்திப் போட்டுவிட்டாள். இந்தப் பள்ளிக்கூடம் தெருக்கோடியிலேயே இருக்கிறது. இது கிடைக்காவிட்டால் அடுத்தது பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி. ஜெமிக்கோ வேனில் ஏறினாலே வாந்தி. தினமும் பிள்ளையை அதில் எப்படி ஏற்றி அனுப்புவது?

"எங்க அண்ணன்கிட்ட விடுவோம். யாவாரி. எண்ணிக்கை பிசகாது" என்றாள்.

அண்ணன் அருமைநாயகம் பஜாரில் கருப்பட்டிக் கடை வைத்திருந்தார். மூன்று நாள் ஜெமி மாமா மடியில் உட்கார்ந்து கருப்பட்டி எண்ணினாள். எண்ணியதில் கொஞ்சம் வாய்க்குள்ளும் போனது. அதைப் பற்றி மாமா ஒரு வார்த்தை சொல்லவில்லை, தங்கமான மனுஷன்.

புதன்கிழமை சாயங்காலம் அவரே கொண்டுவந்து விட்டார். "மாப்ளே, இப்பக் கேளும். பிள்ள பொளந்து கட்டுவா!"

"லாபம், ரெண்டு, மூணு, நாலு, வெட்டு!"

நேசக்குமார் எழுந்தே விட்டான். "மச்சான், ஒண்ணு எங்க?"

"மொத உருப்படிய எந்த யாவாரியாவது ஒண்ணுன்னு எண்ணுவானா? லாபம்னுல்லா ஆரம்பிக்கணும். இல்லன்னா யாவாரம் வெளங்குமா?"

"அவ எல்கேஜிக்குப் போறா மச்சான், கடை போடப் போகல!"

"எங்க போனா என்ன மாப்ளே? லாபம் வேண்டாம்னா சொல்லிருவாங்க?"

அஞ்சுதான் காணாமல் இருந்தது. இப்போது ஒண்ணும் போய்விட்டது.

"ஆம்பளைகள நம்புனா இப்படித்தான். நானே பாத்துக்கிடுதேன்" என்று ஜெபசுதா சேலையை இழுத்துச் சொருகினாள். அவள் சபையில் சண்டே ஸ்கூல் டீச்சர். எப்பேர்ப்பட்ட அடங்காத பிள்ளையையும் வசனம் ஒப்பிக்கவைத்தவள் என்று பேர் வாங்கியிருந்தாள். அதே முறைதான் இதற்கும்: கையைக் கூப்பு, கண்ணை மூடு, மூச்சுவிடாமல் சொல்லு. சொன்னால் தின்ன ஒரு மக்ரூன்.

வெள்ளிக்கிழமை ஜெமி கையைக் கூப்பினாள். கண்ணை மூடினாள்.

"லாபம்ரெண்டுமூணுநாலுவெட்டு. ஆமென்." ஒரு கண்ணை மட்டும் திறந்து கையை நீட்டினாள். "மக்ரூன்."

"ஏசப்பா!" என்று ஜெபசுதா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். பிள்ளை இந்த ரெண்டு நாளில் புதிதாகக் கற்றுக்கொண்டது ஆமெனும் கையை நீட்டுவதும்தான்.

சனிக்கிழமை பள்ளிக்கூட கேட்டருகே நோட்டீஸ் போர்டைச் சுற்றி ஒரே கூட்டம். என்னவென்று பார்க்க நேசக்குமார் எக்கினான்.

"பராக்குப் பாக்காதீங்க. கண்ண மூடி ஜெபம் பண்ணுங்க" என்று ஜெபசுதா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். மூன்று பேரும் கண்ணை மூடி ஜெபம் பண்ணினார்கள். "தாயி, எண்ணச் சொன்னா மட்டும் வாயத் தொறந்துராத" என்று நேசக்குமார் மகள் காதில் சொன்னான். பிறகு கூட்டத்துக்கு முந்திக்கொண்டு அலுவலகத்துக்குள் நுழைந்தார்கள்.

மேசைக்குப் பின்னால் ஒருத்தர் இருந்தார். மூக்கு நுனியில் கண்ணாடி, காதில் பென்சில், முன்னால் ஒரு நீள நோட்டு. முகத்தில் சிரிப்பு மருந்துக்கும் இல்லை.

"பேரு?"

"ஜெமி."

"நேரா நில்லு. கையத் தூக்கு. அப்படியே திரும்பு."

ஜெமி எல்லாவற்றையும் செய்தாள். அவர் கண்ணாடிக்கு மேலாக அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு நோட்டில் எழுதினார். 22. 20. 9.

தலைகீழாக இருந்தாலும் டாலி கிளார்க் கண்ணுக்கு எண் தப்புமா? நேசக்குமார் பெண்டாட்டி பக்கம் குனிந்தான். "மூணாவதுல ஒம்பது. பெயிலு" என்று அவள் காதில் முனகினான். ஜெபசுதாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"சார், ஒண்ணுமே கேக்காம வெறுமனே பாத்தே போட்டுட்டீங்களே?" என்றான் நேசக்குமார்.

"முப்பது வருஷமாப் பாக்கேன் தம்பி. பிள்ளையப் பாத்தாலே தெரிஞ்சிரும்."

"அவ எண்ணுவா சார்! நல்லா எண்ணுவா!"

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. அதற்குள் ஜெமி கையைக் கூப்பிவிட்டாள்.

"லாபம்ரெண்டுமூணுநாலுவெட்டு. ஆமென். மக்ரூன்."

ஜெபசுதா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். ஆனால் அந்த மனுஷன் முகம் மலர்ந்துவிட்டது.

"அடி என் ராசாத்தி! மொதப் பிள்ளையே லாபம்னு சொல்லிட்டாளே! இன்னைக்கு நாள் ஓஹோன்னு இருக்கும்!" சட்டைப் பையிலிருந்து ஒரு மிட்டாய் எடுத்து அவள் கையில் வைத்தார்.

காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்ள வேண்டியதுதான் என்று நேசக்குமார் முன்னால் போனான். "சார், அந்த ஒம்பத மட்டும் கொஞ்சம் கூட்டிப் போடுங்களேன்."

"கூட்டுததுல எனக்கு ஒண்ணுமில்ல தம்பி. பிள்ளைக்குத்தான் தோதுப்படாது."

"அவ வளந்துருவா சார்!" என்று ஜெபசுதா மூக்கை உறிஞ்சினாள்.

"எல்லா அம்மாவும் இதத்தான் சொல்லுதாங்க." அவர் ஒன்பதை அடித்துப் பத்தாக்கினார்.

"பத்து போதாது சார். ஒரு பதினஞ்சாப் போட்டுருங்க."

"பதினஞ்சா!" அவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். "ஏன் தம்பி, பிள்ளையப் பாத்தா ஒமக்குப் பாவமா இல்லையா?"

நேசக்குமாருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் கையெடுத்துக் கும்பிட்டான். "சார், இந்த எடம் கெடைக்கலன்னா பிள்ள தெனமும் வேன்ல போகணும். வேன்னா அவளுக்கு ஆகாது சார். ஒங்களக் காலத்துக்கும் மறக்க மாட்டோம்."

அவர் ஒன்றும் புரியாமல் விழித்தார். அந்த நேரத்தில் பள்ளிக்கூடத்து ஆயா கிரேசி கதவைத் திறந்து தலையை நீட்டினாள்.

"டெய்லர் அண்ணாச்சி, இந்தப் பிள்ளைக்கு யூனிபார்ம் அளவு எடுத்தாச்சுன்னா சட்டுனு அனுப்புங்க, எல்கேஜில எடம் கெடைச்ச மத்த இருவத்தொம்பது பிள்ளையளும் வெளிய வரிசைல நிக்கி!"