ஒரு நீளம், மூணு குட்டை

கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கிறவனெல்லாம் பெரிய வித்வான் என்று இருபத்து நான்கு வயது வரை நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கை மலைமேல் காவலூருக்குச் சற்றுத் தள்ளி, ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழாவில், சாயங்காலம் ஐந்தரை மணிக்குக் காலமானது.

அந்தப் பள்ளியில் நான் தற்காலிகக் கணக்கு வாத்தியார். என்னிடம் ஒரு பிரெஞ்சு ஹாரன் இருந்தது. திருப்பத்தூரில் கல்லூரி பேண்டில் ஊதிப் பழகி, பழசாக விலைக்கு வாங்கியது. (பார்க்காதவர்களுக்கு: பித்தளையில் ஒரு ராட்சச ஜாங்கிரி பிழிந்து, முனையில் புனல் செருகினால் அதுதான்.) பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க வாரம் ஒரு பீரியட் கேட்டு தலைமை ஆசிரியை முன்னால் போய் நின்றேன்.

"ஹாரனுக்கு இன்னாத்துக்கு சார் பீரியடு? அமுக்குனா அடிக்கப்போவுது."

"இது ஊதுறது மேடம்."

"அப்போ ஆண்டு விழாவுல ஊதிக் காட்டுங்க. பெத்தவங்க கை தூக்குனா சனிக்கிழமை கடைசி பீரியடு உங்களுக்கு. தூக்கலன்னா அந்தப் பேச்சே வாணாம்."

என்னிடம் ஒரு புத்தகம் இருந்தது. பழகும் மாணவர்களுக்காக, ஹாரனும் பியானோவும் சேர்ந்து வாசிக்கப் பன்னிரண்டு சிறு பாடல்கள். முதல் பாடல் 'வேட்டை அழைப்பு'. அதையே தேர்ந்தெடுத்தேன். 'இது நம்ம புள்ளைக்கும் வரும்' என்று பெற்றோருக்குத் தோன்ற வேண்டும் அல்லவா? (மூன்றாவது பாடலுக்கு மேல் எனக்கே வராது என்பது வேறு விஷயம்.)

பியானோவுக்கு ஆங்கில ஆசிரியை மலர்விழி. சந்தவாசல்காரர், வீட்டில் கீபோர்டு வைத்திருந்தார். நாலு ஞாயிற்றுக்கிழமை மலையிறங்கிப் போய் அங்கேயே ஒத்திகை பார்த்தோம். முதல் நாள் மேதாவித்தனமாக என் ஹாரன் இசைத்தாளையே அவருக்கும் கொடுத்துவிட்டேன். ஹாரனில் 'சி' என்று எழுதிய சுரத்தை ஊதினால் 'எஃப்' சுரம் கேட்கும். பியானோவுக்குத் தாள் தனி. இரண்டும் மோதிய சத்தத்தில் அவருடைய அம்மா கரண்டியோடு ஓடிவந்து, "இன்னா கண்ணு, கீழ போட்டுட்டியா?" என்று கேட்டார்.

விழா நாள். கொட்டகை நிறையப் பெற்றோர். விளையாட்டு ஆசிரியர் மைக்கைப் பிடித்து, "அடுத்ததா நம்ம கணக்கு சார் ஹாரன் அடிப்பாரு!" என்றார். நான் ஊதினேன். ஒரு நீளம், மூன்று குட்டை: பாஆஆஆம்... பாம், பாம், பாம். மறுபடியும் அதே. அதன்பின் பதினாறு பார்களுக்கு, அதாவது பதினாறு தாளக் கட்டங்களுக்கு, ஹாரனுக்கு ஓய்வு; கீபோர்டில் மலர்விழி மட்டும். கண்ணை மூடிக்கொண்டு மனதுக்குள் எண்ண ஆரம்பித்தேன்.

நாலாவது பாரில் நாற்காலிகள் நகர்ந்தன. எழுந்து நின்று ரசிக்கிறார்கள்! ஏழாவதில், "டேய், சீக்கிரம் வாங்கடா!" என்று யாரோ கத்தினார். வெளியே நிற்பவர்களையும் கேட்கக் கூப்பிடுகிறார்! பதினாறு முடிந்து, ஹாரனை உதட்டில் வைத்துக் கண்ணைத் திறந்தேன்.

கொட்டகையில் ஒருவர்கூட இல்லை. காலி நாற்காலிகள், இரண்டு ஒற்றைச் செருப்பு. மலர்விழி மட்டும் தாளில் மூக்கை வைத்து வாசித்துக்கொண்டிருந்தார்.

"மிஸ்..."

"பேசாதீங்க சார், விட்டுடுவேன்!"

விஷயம் இதுதான். அது சாமை முற்றியிருந்த நேரம். சாமை விளைந்த கொல்லையில் காட்டுப்பன்றி இறங்கினால், பரணில் காவல் இருப்பவர் பிளாஸ்டிக் குழாயை ஊதுவார். ஒரு நீளம், மூன்று குட்டை. கேட்டவர்கள் போட்டது போட்டபடி ஓட வேண்டும். மலையில் சம்பளம் வாங்கி இரண்டு வருடமாகியும் கீழ்நாட்டுக்காரர்களான எங்கள் இருவருக்கும் இது தெரியாது.

முக்கால் மணி நேரம் கழித்து எல்லோரும் கம்புகளோடு, வேட்டியெல்லாம் ஒட்டுமுள்ளோடு திரும்பினார்கள். முன்னால் வந்தவர் கோவிந்தன். ஏழாம் வகுப்புப் பெண்ணின் அப்பா.

"எவன்யா ஊதுனது? ஒரு பன்னியக்கூட காணோம்!"

ஹாரனை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். மறைக்கக்கூடிய சாமான் இல்லை அது.

"நீயா சார்? வூட்ல சொல்லிட்டு வந்தியா?"

"இது... வேட்டைப் பாட்டுங்க. மறுபடி வேணா ஊதிக் காட்டட்டா?"

"ஐயோ சாமி, வாணாம்! இப்பதான் மூச்சு வாங்குது."

சனிக்கிழமை பீரியட் போயிற்று என்று ஹாரனை உறைக்குள் வைக்கப் போனேன். கோவிந்தன் விடவில்லை. வாங்கிப் பார்த்தார், புனலுக்குள் எட்டிப் பார்த்தார், விரலால் தட்டினார்.

"என் மாமன் அந்தாண்ட சரிவுல இருக்கான். அங்கருந்து கம்பெடுத்துக்கினு வந்துட்டான் சார். நம்ம பைப்பு பாதி தூரம்கூட கேக்காது. புள்ளைங்க கத்துக்கட்டும்."

கைகள் உயர்ந்தன, பிடித்திருந்த கம்புகளோடு. தலைமை ஆசிரியை கம்புகளை எண்ணிவிட்டு ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: "மொத பாட்ட மட்டும் சாமை அறுத்தப்புறம் நடத்துங்க சார்." இன்றுவரை என் மாணவர்கள் புத்தகத்தை இரண்டாம் பாடலிலிருந்துதான் திறக்கிறார்கள்.

மலர்விழி இப்போது என் மனைவி. ஊரே ஓடியபோதும் என்னைவிட்டுப் போகாதவள் என்று ஒருமுறை விருந்தாளிகளிடம் பெருமையாகச் சொன்னேன். "தல நிமிந்து பாத்திருந்தா மொத ஆளா ஓடியிருப்பேன்," என்றாள். அதோடு நிற்கவில்லை. சாயங்காலம் வாசலில் வண்டியை நிறுத்தி நான் ஹாரன் அடித்தால், கதவைத் திறக்க ஒட்டடைக் கம்போடுதான் வருகிறாள். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு உள்ளே திரும்பி, "அம்மா, வந்துடுச்சு!" என்கிறாள்.