பம்புக்கு ருஷ்யப் பெயர் சூட்டிய வரலாறு

இந்தியாவுக்கும் ருஷ்யாவுக்கும் இடையிலான நட்பு எந்த இடத்தில் உறுதிப்பட்டது என்று சரித்திர ஆசிரியர்கள் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்குச் சிரமம் வேண்டாம். மாரம்மாவின் இடுப்பில். முதுகெலும்பு முடியும் இடத்துக்கு இரண்டு விரல் மேலே, வலது பக்கம். அங்கே கை பட்டால் இன்றைக்கும் அவள் பல்லைக் கடித்துக்கொள்வாள்.

இந்த மகத்தான நிகழ்ச்சியில் அடியேனுக்கும் பங்கு உண்டு என்பதைத் தன்னடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

1956ஆம் வருஷக் கடைசி. குருபரப்பள்ளிக்கு அப்பால் ஓர் ஓடைக்குக் குறுக்கே ரோட்டுப் பாலம் கட்டிக்கொண்டிருந்தோம். நான் அங்கே ரைட்டர். மஸ்டர் என்னும் ஆள் கணக்கை எழுதுபவன். பாலத்தின் கால்களுக்குக் குழி தோண்டினால் ஊற்று பொங்கும். அந்தத் தண்ணீரை இழுத்து வெளியே தள்ள ஓர் இங்கிலீஷ் பம்பு இருந்தது. அதை ஓட்டியவர் லால் பாஷா. காலையில் அவர் பம்பைக் கிளப்பினால் குழி காயும். மாரம்மாவும் பதினெட்டுப் பெண்களும் காய்ந்த குழிக்குள் இறங்கி மண் சுமப்பார்கள். மண் சுமப்பது சுகமான வேலை என்று சொல்லவில்லை. என் அம்மா சுமந்த கூடையில்தான் நான் வளர்ந்தேன். அதைவிடக் கேடான வேலை ஒன்று இருக்கிறது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

ஒரு நாள் ஓசூரிலிருந்து எஞ்சினியர் ஐயா ஜீப்பில் வந்து இறங்கினார். கையில் ஒரு மெமோ. ருஷ்ய நிபுணர் குழு ஒன்று பெங்களூரிலிருந்து சென்னைக்குப் போகும் வழியில் நம் பாலத்தடியில் இருபது நிமிஷம் நிற்கும் என்று அதில் கண்டிருந்தது. ஐயா பம்பைச் சுற்றி வந்தார். முகம் வாடியது. பம்பு பூராவும் இங்கிலீஷ் எழுத்து. வெள்ளைக்காரன் போய் ஒன்பது வருஷம் ஆன பிறகும் நம் பம்பு இங்கிலீஷ் பேசுவதைக் கண்டால் ருஷ்யர்கள் என்ன நினைப்பார்கள் என்று கேட்டார். உடனே ஒரு கமிட்டி பிறந்தது. பம்பின் உறுப்புகள் அத்தனைக்கும் ருஷ்யப் பெயர் சூட்டுவது அதன் நோக்கம்.

தமிழில் எழுதலாமே என்று யாரும் கேட்கவில்லை. தமிழில் எழுதினால் நமக்குப் புரிந்துவிடும். அதில் என்ன கௌரவம்?

கமிட்டியின் மூளை, ஹெட் கிளார்க் வெங்கடப்பன். அவரிடம் ஓர் இங்கிலீஷ்-ருஷ்ய அகராதி இருந்தது. ருஷ்ய எழுத்துகளைப் பதினைந்தே நாளில் கற்றவர். என் கையெழுத்து நன்றாக இருந்ததால் சீட்டு எழுதும் பொறுப்பு எனக்கு. முதல் கூட்டத்திலேயே வரலாற்றுச் சிறப்புள்ள தீர்மானம் ஒன்று நிறைவேறியது. கண்ணால் காணாத உறுப்புக்குப் பெயர் வைப்பது மூடநம்பிக்கை; ஆகையால் பம்பை முழுவதுமாகப் பிரித்து, ஒவ்வோர் உறுப்பையும் கமிட்டி நேரில் பார்த்த பின்பே பெயர் வழங்கப்படும்.

லால் பாஷா துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார்.

"ஓடற பம்பப் பிரிக்கக் கூடாதுங்க ஐயா. பிரிக்க ஒரு நாளு, மாட்ட நாலு நாளு. அதுவரைக்கும் குழியில தண்ணிய யாருங்க எறைக்கறது?"

"லால் பாஷா, உனக்குப் பம்பு தெரியும். உலகம் தெரியாது" என்றார் ஐயா.

பம்பு பிரிக்கப்பட்டது. தார்ப்பாயின்மேல் நூற்று நாற்பத்துமூன்று உறுப்புகள் வரிசையாகப் படுத்தன. தேங்காய் உடைத்துச் சூடம் காட்டி ஒவ்வொன்றுக்கும் குங்குமம் வைத்தோம். வெங்கடப்பன் அகராதியைப் புரட்டிப் பெயரை மூன்று தரம் உரக்கச் சொல்லுவார், குழந்தையின் காதில் சொல்வதுபோல. நான் அகராதியிலுள்ள ருஷ்ய எழுத்தைப் பார்த்துச் சீட்டு எழுதிக் கட்டுவேன். பம்பு "நஸோஸ்" ஆனது. வால்வு "க்ளாப்பன்" ஆனது. பேரிங் "பொத்ஷிப்னிக்" ஆனது.

"பேரு மாறிப்போச்சே, இனிமே இது கிரீஸ் கேக்காதுங்களா?" என்று லால் பாஷா மரியாதையாக விசாரித்தார். அடுத்த கூட்டத்தின் பரிசீலனைக்கு என்று வெங்கடப்பன் குறித்துக்கொண்டார்.

குழியில் தண்ணீர் ஏறியது. கமிட்டி அதற்கும் வழி கண்டிருந்தது. பத்தொன்பது பெண்களும் மண்ணெண்ணெய் டின்னோடு வரிசையாக நின்று, குனிந்து மொண்டு, கைக்குக் கை மேலே ஏற்றுவது. இதற்குக் குறிப்பேட்டில் "தற்காலிக ஏற்பாடு" என்று பெயர். மார்கழிக் குளிர். விடியும் முன்பே முழங்காலுக்கு மேல் தண்ணீர். வரிசையின் அடியில், குனிந்து மொள்ளும் இடத்தில் நின்றவள் மாரம்மா. வேறு யாரும் அங்கே அரைநாள்கூடத் தாங்கவில்லை.

நான்காம் நாள் என்னிடம் வந்தாள். சேலைக்கு மேலே ஒரு கயிற்றை இடுப்பில் இறுக்கிக் கட்டியிருந்தாள்.

"ரைட்டரே, பம்ப எப்ப மாட்டுவீங்க?"

"ருஷ்யாக்காரங்க வந்து பாத்துட்டுப் போனதும் மாட்டிருவாங்கக்கா."

"இன்னும் நாலு நாளுன்னா தாங்குவேன். அதுக்கு மேல போனா நிமுர முடியாது. நிமுர முடியாதவ பேர மஸ்டர்ல அடிச்சிருவீங்க. எனக்குத் தெரியாதா?"

அப்படியெல்லாம் இல்லை என்றேன். அடிப்பவன் நான்தான்.

குழுவின் வருகை ஒரு வாரம் தள்ளிப்போனது. பிறகு இன்னொரு வாரம். பிறகு பொங்கலுக்கு அப்புறம் என்று தந்தி வந்தது. அதுவரை பம்பை மாட்டிவிடலாமே என்று லால் பாஷா கேட்டார். மாட்டினால் சீட்டெல்லாம் உள்ளே போய்விடும், நட்பு எப்படி வெளியே தெரியும் என்று வெங்கடப்பன் கேட்டார். நியாயமான கேள்வி. பெண்கள் ஐந்து வாரம் இறைத்தார்கள்.

அந்தப் பொன்னான நாளும் வந்தது. மத்திகிரிப் பண்ணையிலிருந்து விருந்தாளிகளுக்குப் பால் வந்தது. டின் ஏந்திய பெண்கள் அவர்கள் கண்ணில் படக் கூடாது என்பதால் எல்லாரையும் உண்ணிச்செடிப் புதருக்குப் பின்னால் உட்காரவைத்தோம். அன்றைக்குக் கூலி இல்லை. விருந்தாளிகளை மறைவிலிருந்து பார்க்கும் பாக்கியம் உண்டு. யாரும் இறைக்காததால் குழி ததும்பி நின்றது. வந்தவர்கள் அதைக் குளம் என்று எண்ணிப் பாராட்டினார்கள். ஐயா மறுக்கவில்லை.

குழுத் தலைவர் உயரமான கிழவர். நரைத்த புருவம். இளமையில் ஃபிட்டராக இருந்தவராம். தார்ப்பாயைக் கண்டதும் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொரு சீட்டையும் வாய்விட்டுப் படித்தார். கண் கலங்கியது. பம்புக்கு உள்ளே சுழன்று தண்ணீரைத் தள்ளும் பித்தளைச் சக்கரத்தைக் கையில் எடுத்துக் குழந்தையைப்போலத் தடவினார்.

விருந்தாளியை வெறுங்கையோடு அனுப்பி நம் பக்கத்தில் வழக்கமில்லை. கிருஷ்ணகிரிக்குச் சொல்லியனுப்பிய மாலையும் வந்து சேரவில்லை. ஐயா ஒரு கணம் தவித்தார். பிறகு இரண்டு கையையும் நீட்டி, "இது தங்களுக்கே, எங்கள் அன்பளிப்பு" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டார். டில்லியிலிருந்து வந்த துபாஷி அதை ருஷ்ய மொழியில் சொன்னார். எல்லாரும் கை தட்டினோம். லால் பாஷா மட்டும் தட்டவில்லை. அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புதர் அசைந்தது. மாரம்மா வந்தாள். நிமிர முடியாமல், ஒரு கையை முழங்காலில் ஊன்றி ஊன்றி வந்து, கிழவருக்கு முன்னால் நின்றாள்.

"சாமி, அது பம்போட சக்கரம். அத நீங்க எடுத்துட்டுப் போயிட்டா காலத்துக்கும் நாங்கதான் குனிஞ்சு எறைக்கணும். என் இடுப்பு போச்சு. அத வெச்சிட்டுப் போங்க."

கிழவர் சக்கரத்தைக் கீழே தாழ்த்தினார். துபாஷியிடம் ஏதோ கேட்டார். துபாஷிக்குத் தமிழ் தெரியாது. "அந்த அம்மாள் என்ன சொல்கிறார்?" என்று என்னிடம் இங்கிலீஷில் கேட்டார், பக்கத்தில் நின்றவன் நான்தான் என்பதால்.

ஐயா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு மெமோ இருந்தது.

"சந்தோஷப்படுகிறாள்" என்றேன் இங்கிலீஷில். "எடுத்துக்கொண்டு போய் எங்கள் ஊரை நினைத்துக்கொள்ளுங்கள் என்கிறாள்."

கிழவர் மாரம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார். தம் சட்டையிலிருந்த சிவப்பு பேட்ஜைக் கழற்றி அவள் உள்ளங்கையில் வைத்தார். சக்கரத்தைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு காரில் ஏறினார். இருபது நிமிஷம் முடிந்தது.

கார் கிளப்பிய தூசி அடங்கும்வரை மாரம்மா ரோட்டையே பார்த்தாள்.

"ரைட்டரே, நான் சொன்னத அப்படியே சொன்னியா?"

"சொன்னேங்க்கா."

"அப்புறம் ஏன் எடுத்துட்டுப் போறாரு?"

"பெரிய மனுஷங்க அப்படித்தான்."

சக்கரம் வேண்டும் என்று இங்கிலாந்துக்கு எழுதினோம். எந்தச் சக்கரம் என்று பதில் வந்தது. எங்கள் கோப்பில் அதற்கு ருஷ்யப் பெயர்தான் இருந்தது; அதையே எழுதி அனுப்பினோம். பிறகு பதில் வரவில்லை. பாலத்தின் எல்லாக் கால்களும் மண்ணெண்ணெய் டின்னால்தான் எழும்பின. மாசி மாதம் மாரம்மா ஒரு நாள் குனிந்தவள் எழவில்லை. நாலு பேர் தூக்கி மேலே வைத்தார்கள். மஸ்டரில் அவள் பெயரைச் சிவப்பு மையால் அடித்தேன். கோடு நேராக வந்தது. சித்திரையில், மொழிபெயர்ப்புத் துறையில் காட்டிய திறமையைப் பாராட்டி, என்னை ஓசூர் ஆபீசுக்குக் குமாஸ்தாவாக உயர்த்தினார்கள். வெங்கடப்பன் இப்போது ஜெர்மன் அகராதி வாங்கியிருக்கிறார்.

மாரம்மா குருபரப்பள்ளியில் பஸ் நிற்கும் இடத்தில் உட்கார்ந்தபடியே வேர்க்கடலை விற்கிறாள். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் வாங்குகிறேன். எனக்கு மட்டும் ஒரு பிடி கூடப் போடுவாள். பக்கத்தில் நிற்பவர்களிடம், "இந்தத் தம்பி எனக்காக நல்லாத்தான் பேசிச்சு, அந்த ருஷ்யாக்காரனுக்குத்தான் மனசு எறங்கல" என்பாள். நான் கடலையை உரித்துத் தின்றுகொண்டிருப்பேன்.

"நான்தான் மாத்திச் சொன்னேன்." அவளுக்கு நான் தர வேண்டியது அந்த மூன்று சொல். இன்னும் தரவில்லை.