கனத்த கண்ணும் குதிரைத் தலையும்

துல்போர் கால்பந்து அணிக்குச் சொந்த மண்ணில் ஆட்டம் என்றால், எங்கள் ஊர் முடிதிருத்துகிறவர்கள் பாதித் தாடியோடு ஆளை எழுப்பி அனுப்பிவிடுவார்கள். மீதித் தாடி மறுநாள். பஜாரில் முலாம்பழ வண்டிகள் காவலே இல்லாமல் நிற்கும். ஒரு பழமும் திருடு போகாது. திருடனும் அரங்கத்தில்தான் இருப்பான். ஃபெர்கானா பள்ளத்தாக்கில் ஒவ்வொரு ஊர்க்காரனும் தன் ஊரைப் பற்றி இப்படித்தான் பீற்றிக்கொள்வான். நாங்கள் சொல்வது மட்டும் உண்மை.

நான் அந்த அரங்கத்தின் அறிவிப்பாளன். என் கூண்டு உயரத்தில் இருந்தது. அங்கிருந்து பார்த்தால் வடக்குப் படிக்கட்டுகளில் கூட்டம் கொதிக்கும் பாத்திரம் போலத் தெரியும். சூரியகாந்தி விதைத் தோல் கணுக்கால் வரை கிடக்கும். எதிரணி பந்தோடு எங்கள் கோலை நெருங்கினால் அத்தனை பற்களும் ஒரே நொடியில் கொறிப்பதை நிறுத்தும். அந்த மௌனத்தைக் கேட்டே எனக்கு ஆபத்து எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

அந்தக் கூட்டத்துக்கு உயிர் கொடுத்தவர் நோர்மத். கர்னாய் ஊதுகிறவர். கர்னாய் என்பது ஆள் உயரத்தையும் தாண்டிய பித்தளைக் கொம்பு. கல்யாண வாசலில் ஊதுவது அவருக்குப் பிழைப்பு, அரங்கத்தில் ஊதுவது சந்தோஷம். அவருக்கு முன்பல் ஒன்று கிடையாது. அதனால் ஒவ்வொரு ஊதலும் முடியும்போது ஒரு சின்ன விக்கல் விழும். அந்த விக்கல் விழுந்ததும் வடக்குப் படிக்கட்டு முழுவதும் எழுந்து கத்தும். ஊரில் எத்தனை கொம்பு ஒலித்தாலும் நோர்மத்தின் கொம்பைக் குழந்தைகூட அடையாளம் சொல்லும்.

அந்த வசந்தத்தில் துல்போர் வரிசையாகத் தோற்றது. தோற்றதற்குக் காரணம் தேடினார்கள். காரணம் கோல்கம்பத்துக்கு நடுவில், பெரிய தொப்பையோடு, கையுறை போட்டுக்கொண்டு நின்றது. ஆனால் கண்ணுக்கு முன்னால் நிற்கும் காரணம் எங்கள் ஊரில் யாருக்கும் பிடிக்காது. ஆகவே கழகத் தலைவர், ஹோஷிம் தபீப் என்பவரை அழைத்து வந்தார்.

தபீப் என்றால் வைத்தியர். ஹோஷிம் அதற்கு முன்பு கூரைகளில் ஏறித் தொலைக்காட்சி ஆன்டெனா திருப்பிக்கொண்டிருந்தார். “அலையைப் பிடிச்சுப் பழகின கை” என்று அதையும் தகுதியாகச் சொல்லிக்கொள்வார். பட்டு அங்கி, நீண்ட தாடி, கையில் காம்பு வைத்த வாணலி. வாணலியில் தணல், தணலின் மேல் இஸிரிக் செடி. கண்ணேறு கழிக்க எங்கள் வீடுகளில் அந்தச் செடியைத்தான் புகைப்போம். மற்றவர்கள் போட்டால் புகை. ஹோஷிம் போட்டால் துப்பறிவாளர். கூட்டத்தில் கனத்த கண் உள்ளவன் யார் என்று அந்தப் புகை வளைந்து காட்டுமாம்.

ஆட்டத்துக்கு முன்னால் வாணலியோடு மைதானத்தைச் சுற்றினார். பிரமுகர்கள் அமரும் தெற்கு மேடையின் முன்னால் நின்றார். புகை அவர்களை விட்டு விலகியது. “சுத்தமான கண்கள்!” என்றார். பிரமுகர்கள் அடக்கத்தோடு தலையசைத்தார்கள். வடக்குப் படிக்கட்டுக்கு வந்தார். புகை ஆசையோடு கூட்டத்தின் மேல் சாய்ந்தது.

“இன்னிக்குக் காலைல கோல்கீப்பர் யோர்கினைப் பாத்தது யாரு?” என்று அதட்டினார் தபீப்.

“நான்தான் பாத்தேன்” என்று கள்ளமில்லாமல் எழுந்தார் நோர்மத். “கல்யாண வீட்டுக் காலைப் புலாவுல. நான் வாசல்ல ஊதிட்டு வந்து உக்காந்தேன், தம்பி மூணாவது தட்டுல இருந்தான். ‘அடேயப்பா, இப்படித் தின்னா நீ குதிக்கவே வேணாம்டா, சும்மா நின்னாலே கோலை அடைச்சுருவே’ன்னு சொன்னேன்.”

“சொல்லிட்டு தூ-தூன்னு துப்பினியா?”

“எப்படித் துப்புறது தபீப்? வாய் நிறையப் புலாவு.”

கூட்டம் மூச்சை உள்ளே இழுத்தது. கல்யாண வீட்டில் விடிந்ததும் போடும் புலாவு சாதாரணப் புலாவு அல்ல. ஆட்டுவால் கொழுப்பில் அரிசி நீந்தும். மூன்று தட்டு தின்றவன் அன்று மாலை குனிந்து பந்தை எடுப்பதே பெரிய விஷயம். ஆனால் ‘மூணு தட்டு’ என்பது யார் காதிலும் விழவில்லை. ‘பாத்தேன்’ என்பது எல்லார் காதிலும் விழுந்தது.

அன்று யோர்கினின் கால்களுக்கு நடுவே பந்து உருண்டு போனது. நோர்மத்தை அரங்கத்தை விட்டு வெளியேற்றினார்கள்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. கனத்த கண்ணனைக் கல்யாண வாசலில் நிறுத்த யாருக்குத் துணிச்சல் வரும்? முதலில் ஒரு மணப்பெண்ணின் தாய், “ஊதுங்க அகா, வேணாங்கல. ஆனா செவுத்தைப் பாத்து ஊதுங்க” என்றாள். அண்ணன் என்று மரியாதையாகக் கூப்பிட்டுவிட்டுத்தான் அப்படிச் சொன்னாள். நோர்மத் சுவரைப் பார்த்தும் ஊதினார். பிறகு சுவருக்கும் ஆகாது என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். ரொட்டிக் கடையில் அவர் வந்தால் சூடான ரொட்டியைத் துணி போட்டு மூடினார்கள். கோடை முடிந்ததும் கொம்பை விற்றுவிட்டு ரஷ்யாவில் கட்டட வேலைக்குப் போகிறேன் என்று எங்கள் வீட்டுக்கு வந்து சொன்னார். சொல்லும்போது எனக்கும் என் மனைவிக்கும் அவருக்கும் நடுவிலிருந்த தேநீர்க் கிண்ணத்தைப் பார்க்காமல், தரையைப் பார்த்தபடி சொன்னார். தன் கண்ணைப் பற்றி அவருக்கே பயம் வந்திருந்தது.

அவர் போனதும் என் மனைவி மஸ்தூரா என் பக்கம் திரும்பினாள். அவள் பொம்மை நாடக அரங்கில் நடிகை. நரி, ஓநாய், மந்திரி என்று நாள் முழுவதும் திரைக்குப் பின்னால் நின்று பிறரை நம்ப வைப்பது அவள் தொழில். அதனாலோ என்னவோ, அவளை நம்ப வைப்பது கடினம்.

“மைக்ல அவ்வளவு பேசுறீங்களே, சாயங்காலம் காத்து எந்தப் பக்கத்துலேர்ந்து அடிக்குதுன்னு பாத்திருக்கீங்களா?”

“கால்வாய்ப் பக்கத்துலேர்ந்து.”

“கால்வாய் எங்க இருக்கு?”

“தெற்கு மேடைக்குப் பின்னால.”

“அப்ப புகை எப்பவும் யார் பக்கம் சாயும்?”

நான் விரலால் காற்றின் வழியைக் கோடு போட்டுப் பார்த்தேன். “வடக்குப் பக்கம்.”

“பாத்தீங்களா! புகைக்குக்கூட யார் பெரிய மனுஷன்னு தெரியுது.”

“நாளைக்கே மைக்ல சொல்லிடறேன்.”

“சொன்னா நம்புவாங்களா? நீங்க வெறும் பேச்சு. அவன் கையில புகை இருக்கு. பேச்சுக்கும் புகைக்கும் போட்டி வெச்சா நம்ம ஊர்ல புகைதான் ஜெயிக்கும். கண்ணால பாக்கணும் இவங்க.”

துல்போர் என்றால் சிறகுள்ள குதிரை. அணிக்கென்று ஒரு குதிரை வேஷம் இருந்தது. மஸ்தூராவின் நாடக அரங்கில் செய்தது. பெரிய அட்டைத் தலை, பட்டுச் சிறகு, நூல் வால். ஆட்டத்துக்கு முன்னால் அவள் கடிவாளத்தைப் பிடித்துக்கொள்வாள், குதிரை ஆடியபடி மைதானத்தைச் சுற்றும். உள்ளே ஆடிக்கொண்டிருந்த நடிகன் வேறு ஊருக்குப் போய்விட்டான். உள்ளே இப்போது யார் என்று யாரும் கேட்கவில்லை. குதிரைக்குள் குதிரைதான் இருக்கும் என்று நினைத்திருக்கலாம்.

அடுத்த ஆட்டத்திலிருந்து நோர்மத் குதிரையானார்.

அதே வாரம் எங்கள் பயிற்சியாளர் ஒரு காரியம் செய்தார். ஆட்ட நாளன்று எந்த வீரனும் காலைப் புலாவுக்குப் போகக் கூடாது என்று தடை போட்டார். போட்டதோடு நில்லாமல், கல்யாண வீட்டு வாசலில் தானே போய் நின்றார். யோர்கின் குதிக்க ஆரம்பித்தான். துல்போர் ஜெயிக்க ஆரம்பித்தது.

ஜெயித்தது யாரால்? ஹோஷிம் தபீபால்! கனத்த கண்ணை வெளியே அனுப்பியதால்! அவர் ஓதி மூச்சு ஊதிய சிவப்பு நூலை வாயிலிலேயே விற்றார்கள். மணிக்கட்டில் நூல் இல்லாதவனை வடக்குப் படிக்கட்டில் பக்கத்தில் உட்காரவே விடவில்லை. ஒருவேளை அவனுக்குக் கொஞ்சம் யோசிக்கும் நோய் இருக்குமோ என்ற சந்தேகம்.

ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னாலும் தபீப் குதிரைக்கும் புகை போடுவார். வீரர்கள் வெளிவரும் பாதையின் வாயிலில், மூன்று பக்கமும் சுவருள்ள இடத்தில், காற்றே நுழையாத மூலையில் வைத்துப் போடுவார். புகை கோடு போட்ட மாதிரி நேராக எழும். “நம்ம குதிரை பத்தரை மாத்து!” என்று மூக்கில் முத்தமிடுவார். உள்ளே நோர்மத் சிரிப்பை அடக்க முடியாமல் குலுங்குவார். குதிரை சிலிர்க்கிறது என்று ஜனங்கள் கைதட்டுவார்கள்.

பருவத்தின் கடைசி ஆட்டம் வந்தது. மறுநாள் நோர்மத்துக்கு ரஷ்யப் பேருந்து. இடைவேளையில் நாங்கள் ஒரு கோல் முன்னிலை. தபீபுக்குப் பட்டாடை போர்த்துவதாகக் கழகத் தலைவர் அறிவித்தார். நான் கை மைக்கோடு கீழே இறங்கினேன். மஸ்தூரா குதிரையோடு வந்து நின்றாள்.

“ஜனங்களே!” என்றார் தபீப் மைக்கில். “இன்னிக்கு இந்த அரங்கத்துல ஒரு கனத்த கண்ணுகூடக் கிடையாது. என் புகை மேல சத்தியம்!”

“குதிரையையும் ஒரு தடவை பாத்துடுங்க தபீப்” என்றாள் மஸ்தூரா. “விட்டுப்போச்சுன்னு நாளைக்கு யாரும் சொல்லக் கூடாதில்ல.”

“குதிரையா? அது பால் மாதிரி சுத்தம். ஊருக்கே நான் ஜாமீன்!” வழக்கமான மூலையில் நிறுத்திப் புகை போட்டார். புகை நேராக எழுந்தது. மூக்கில் முத்தமிட்டார்.

அப்போது குதிரையின் வாயிலிருந்து பித்தளை எட்டிப் பார்த்தது. கர்னாயைத் துண்டு துண்டாகக் கழற்றலாம். வயிற்றுத் துணிக்குள் ஒளித்து வைத்திருந்த துண்டுகளை நோர்மத் உள்ளேயே பொருத்தி நீட்டிக்கொண்டே போனார். தபீப் பின்னால் நகர்ந்துகொண்டே போனார். குதிரை ஊதியது. முதலில் அடிவயிற்றின் உறுமல். பிறகு மேலே, இன்னும் மேலே. கடைசியில் அந்த விக்கல்.

வடக்குப் படிக்கட்டில் அத்தனை பற்களும் நின்றன. அப்படியொரு மௌனத்தை எதிரணிகூட எங்களிடம் வாங்கியதில்லை.

“நோர்மத்துடா!” என்று யாரோ ஒருவன் அலறினான்.

குதிரைத் தலை கழன்றது. வியர்வையில் நனைந்த நோர்மத், ஒரு பல் குறைந்த சிரிப்போடு நின்றார். கண்களைத் தாழ்த்தவில்லை.

“இவரு எத்தனை ஆட்டமா உள்ள இருக்காருன்னு கேளுங்க” என்றாள் மஸ்தூரா மைக்கை வாங்கி. “நாம ஜெயிச்ச எல்லா ஆட்டத்துக்கும் இருக்காரு. தபீபே முத்தம் குடுத்துக் கூட்டிட்டு வந்தாரு.”

தபீப் லேசுப்பட்டவர் அல்ல. ஆன்டெனா திருப்பியவர் எந்தப் பக்கமும் திரும்புவார். “அது வந்து… கண்ணு மூடியிருந்துது! குதிரைத் தலை மறைச்சுடுச்சு! மறைச்ச கண்ணு யாரையும் தாக்காது!”

நம்புவீர்களோ மாட்டீர்களோ, கூட்டத்தில் பாதிப் பேர் தலையை ஆட்டினார்கள். “ஆமா, மறைச்சுடுச்சு இல்ல…”

“அட, அவ்வளவுதானா!” என்றாள் மஸ்தூரா. “அப்ப பஜார்ல ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கி மாட்டியிருந்தாப் போதுமே. மனுஷனை ஊரை விட்டு ஏன் துரத்தினீங்க?”

முதல் சிரிப்பு எங்கிருந்தோ கிளம்பியது.

“வாணலியைக் குடுங்க தபீப், நானும் ஒரு சுத்து வர்றேன்.” அவர் கொடுக்கவில்லை. அவளே பிடுங்கிக்கொண்டு நேராகத் தெற்கு மேடையில் ஏறினாள். பிரமுகர்களைத் தாண்டி, மேல் வரிசைக்குப் போய், கழகத் தலைவரின் முதுகுக்குப் பின்னால் நின்றாள். கால்வாய்க் காற்று வழக்கம்போல வடக்கே வீசியது. புகை முழுவதும் தலைவரின் தலையில் கவிழ்ந்தது.

“ஐயோ தலைவரே! உங்க கண்ணும் கனமால்ல இருக்கு!”

தலைவர் இருமினார். பக்கத்துப் பிரமுகர் இருமினார். அவசரமாக ஏறி வந்த தபீபின் முகத்திலும் புகை அப்பியது. “அடடே, தபீபுக்கும்! இனிமே யாருதான் ஆட்டம் பாக்குறது?” என்றாள்.

வடக்குப் படிக்கட்டு வெடித்தது. கோல் விழுந்தால்கூட அப்படிச் சத்தம் வந்ததில்லை. ஒருவன் தன் மணிக்கட்டு நூலை அறுத்து எறிந்தான். நூல்கள் சூரியகாந்தித் தோலோடு சேர்ந்து விழுந்தன. கழகத் தலைவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு, “அந்த அடுப்பையும் அவனையும் வெளிய போடுங்கடா!” என்றார். அறிவு வந்ததாலா? புகை தன் மேல் பட்டதாலா? நான் ஆராயவில்லை. சில நேரங்களில் விளைவு போதும்.

இரண்டாம் பாதியில் நோர்மத் பழைய இடத்தில் நின்று ஊதினார். ஆட்டம் முடியும் தறுவாயில் ஒரு சாதாரணப் பந்து வந்தது. யோர்கின் குனிந்தான். பாதி வழியில் நின்றான். பந்து உள்ளே போனது. வெற்றி கைநழுவிச் சமனில் முடிந்தது.

கூட்டம் மெல்ல நோர்மத் பக்கம் திரும்பியது. பார்த்தது, பார்த்தது, பிறகு அப்படியே கோல்கம்பத்தின் பக்கம் திரும்பியது. வடக்குப் படிக்கட்டிலிருந்து ஒரு குரல்:

“டேய் யோர்கின்! காலைல எத்தனை தட்டுடா?”

யோர்கின் கையுறைக் கைகளை விரித்தான். “என் சொந்த மாமன் வீட்டுக் கல்யாணம்ணே! எப்படி வேணாங்கறது?”

மறுநாள் பேருந்து நோர்மத் இல்லாமல் போனது. அதற்கடுத்த வாரமே அவருக்கு இரண்டு கல்யாணம் வந்தது. சுவரைப் பார்க்காமல் ஊதினார்.

கதையை இங்கேயே முடித்தால் என் ஊரைப் புகழ்ந்த பாவம் சேரும். அடுத்த பருவம் தொடங்கியபோது, துல்போர் ஜெயித்ததெல்லாம் குதிரையின் ராசி என்று பேச்சுக் கிளம்பியது. ஆளாளுக்கு வாலில் ஒரு முடி பிடுங்கினார்கள். இரண்டே ஆட்டத்தில் வால் மொட்டை. மஸ்தூரா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு ஊசியை எடுத்துக்கொண்டு புது வால் தைக்க உட்கார்ந்தாள். “பரவால்ல. இந்தத் தடவை மனுஷனை விட்டுட்டாங்களே” என்றாள்.

மஸ்தூரா போன பனிக்காலத்தில் காலமானாள். துக்கம் கேட்க ஊரே வந்தது. நோர்மத் கொம்பில்லாமல் வாசலில் நின்றார். துக்க வீட்டில் ஊதக் கூடாது. ரொட்டிக் கடைக்காரர் என் கையைப் பிடித்து அழுதார். உண்மையாகவே அழுதார். பிறகு மூலையில் கிடந்த குதிரையைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

“அகா, தப்பா நினைக்காதீங்க. ஞாயித்துக்கிழமை ஆட்டம் இருக்கு. அந்த வால்ல ஒரே ஒரு முடி…”

“வால்ல முடியே இல்லப்பா. தலை இருக்கு, வேணுமா?”

அவர் யோசித்துப் பார்த்தார்.

“தலையை வெச்சுக்கிட்டு நான் என்ன அகா பண்றது?”

நல்ல கேள்வி. உங்கள் ஊரிலும் யாராவது கேட்பார்கள். பதில் சொல்லிவிடாதீர்கள், வீட்டுக்குப் போய்த் தலையை ஒருமுறை உபயோகித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.