மூக்கருக்கு மூக்கடைப்பு

குளியலறையில் சோப்பை மூக்கில் வைத்து அழுத்திப் பார்த்தும் மூக்கருக்கு வாசனையே தெரியவில்லை.

பீர் ஆலையில் ருசி பார்ப்பதுதான் அவர் வேலை. கிளாஸை முகர்ந்தே எந்தத் தொட்டியில் கோளாறு என்று சொல்லிவிடுவார் என்பதால் வந்த பட்டப்பெயர் அது. அந்த மூக்கு இன்றைக்குப் பார்த்தா அடைத்துக்கொள்ள வேண்டும்? அதே ஆலையில் வேலை செய்யும் அவர் மனைவி முதன்முதலாகத் தன் கையால் காய்ச்சிய பேல் ஏல் ரக பீர் இன்று முதலாளி முன்னால் வருகிறது. தேறினால் கடைக்குப் போகும். தேறாவிட்டால் தொட்டியோடு சாக்கடைக்கு.

"பொண்டாட்டியாச்சேன்னு பார்க்காதீங்க. உள்ளதைச் சொல்லுங்க," என்று சொல்லிவிட்டு அவள் முன்னாலேயே கிளம்பிப் போனாள். குரல் கம்மியிருந்தது. பாவம், பயம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

ஆவி பிடித்தார். மூக்கு தக்காளி போலச் சிவந்ததுதான் மிச்சம். ஆலைக்குப் போனதும் கிளாஸ் கழுவும் அக்காவிடம் ரகசியமாகத் தைலம் கேட்டார்.

"பார்த்துப் போடுங்க சார், டப்பா அடி தெரியுது," என்றாள் அக்கா.

'ருசி அறைக்குள் வாசனைப் பொருள் எதுவும் கூடாது' என்று கதவில் எழுதி ஒட்டியவரே மூக்கர்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டு அந்தக் கதவைக் கடந்தார்.

உள்ளே முதலாளி கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். மனைவி கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

மூக்கர் கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "நல்ல பொன்னிறம். நுரையும் கலையாம நிக்குது."

"அதுக்குக் கண்ணு போதுமே. வாசனையைச் சொல்லுங்க," என்றார் முதலாளி.

முகர்ந்தார். தைலம் மண்டைக்குள் ஜிவ்வென்று ஏறியது. வேறு எதுவும் ஏறவில்லை.

"குளிர்ச்சியா... ஒரு பச்சிலை வாசனை," என்று வாய்க்கு வந்ததை உளறி வைத்தார்.

"பச்சிலையா? நான் போட்ட ஹாப்ஸ் பூவுக்கு ஆரஞ்சுத் தோல் வாசனையில்ல வரணும்?" என்று பதறிய மனைவி தானும் முகர்ந்தாள். அவள் முகம் மாறியது. "ஆமா... குளிர்ச்சியாத்தான் இருக்கு."

முதலாளியும் கிளாஸுக்குள் மூக்கை விட்டார். "அடடா! நெஞ்சு வரைக்கும் இறங்குதே!"

மூக்கருக்குத் தூக்கிவாரிப்போட்டது. தைலம் அறை முழுக்க அடிக்கிறது போலும்! "இங்க காத்து போதலை. வெளிய போய்ப் பார்த்துடலாம்," என்று இருவரையும் கிளாஸும் கையுமாக லாரி நிற்கும் இடத்துக்கு இழுத்துப் போனார்.

அங்கே அடித்த காற்றில் முதலாளியின் தொப்பியே பறந்தது. வாசனை மட்டும் அசையவில்லை.

"இன்னும் ஜாஸ்தியா வருதே!" என்று துள்ளினார் முதலாளி. "எவன்கிட்டயும் இல்லாத சரக்கும்மா இது! லேபிள்ல பச்சை இலை போட்டுடலாம். ஒரு தொட்டி போதாது, பத்துத் தொட்டி காய்ச்சு!"

மனைவி இரண்டு கையாலும் மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டாள். சந்தோஷத்தில் திக்குமுக்காடுகிறாள் என்று நினைத்தார் மூக்கர்.

அவருக்குத்தான் மனசு கேட்கவில்லை. குடிப்பவன் பக்கத்திலெல்லாம் தைலம் தேய்த்துக்கொண்டு போய் நிற்க முடியுமா? நாளைக்குப் பச்சிலை எங்கே என்று எவனாவது கேட்டால் தலைகுனியப் போவது அவள்தானே?

"முதலாளி, மன்னிக்கணும். எனக்கு மூக்கடைப்பு. அது பீர் வாசனையில்ல, நான் போட்ட தைலம்."

முதலாளியின் முகம் கறுத்தது. "தைலமா? ருசி அறையிலயா? மூக்கை நம்பித்தானேய்யா உனக்குச் சம்பளம்! இனி இந்தச் சரக்கை எப்படி நம்புறது? கொட்டச் சொல்லு அந்தத் தொட்டியை!"

மனைவியின் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. மூக்கருக்கு அந்த இடத்திலேயே பூமிக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது.

கிளாஸ்களை எடுத்துப்போக வந்த அக்கா, தட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு முதலாளியைப் பார்த்தாள்.

"கொட்டுறது இருக்கட்டும் முதலாளி. காலையில இந்த அம்மா தேச்சுட்டுக் கொடுத்தாங்க, அப்புறம் சாரும் தேச்சுட்டுக் கொடுத்தாரு. நீங்க வாங்கிட்டுப் போன இன்னொரு தைல டப்பா மட்டும்தான் இன்னும் திரும்பி வரலை!"