மாப்பிள்ளை மாட்டிய காயில்

கரண்ட் சூளை காலையிலிருந்து ஓடியும் உள்ளே இருந்த மண் கோப்பைகள் வெந்தபாடில்லை. இந்நேரம் உள்ளே தகதகவென்று இருக்க வேண்டும். ஜெயபாண்டி கதவின் ஓட்டை வழியே பார்த்தபோது, வெட்கப்பட்டது போல் லேசாகச் சிவந்திருந்தது.

ஒவ்வொரு கோப்பையிலும் மகளின் பெயர். ஞாயிற்றுக்கிழமை கழுகுமலைக் கோயிலில் அவளுக்குக் காதுகுத்து. வருகிறவர்களுக்குத் தாம்பூலத்தோடு ஆளுக்கொரு கோப்பை என்று ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது.

"சூளை வேலை தெரிஞ்ச எலக்ட்ரீசியன் கோவில்பட்டியில எங்க அண்ணன் ஒருத்தந்தான். கூப்பிடுங்களேன்," என்றாள் மனைவி மாரிச்செல்வி.

"அவனையா? செத்தாலும் மாட்டேன்."

விஷயம் போளி. மச்சான் உச்சிமாகாளி வீட்டுப் பால்காய்ப்புப் பந்தியில் எல்லார் இலையிலும் கடம்பூர் போளி விழுந்தது. வீட்டு மாப்பிள்ளை இலையில் மட்டும் விழவில்லை. அன்றோடு பேச்சு நின்றது. தாய்மாமன் மடியில் உட்காராமல் காதுகுத்தா என்று சொந்தபந்தம் கேட்டதற்கு, "ஏன், என் மடிக்கு என்ன?" என்று கேட்டுவிட்டார் ஜெயபாண்டி. மாரிச்செல்வி அடுப்படிக்குள் போய் அழுதாள்.

"சிவப்பு லைட்டு எரியுதுல்லா? அப்ப சூளைக்கு மூணு லைன் கரண்டும் வருது. சூடேத்துற கம்பிச் சுருள் இருக்குல்லா, அந்தக் காயிலுதான் தேஞ்சு போச்சு," என்றார் ஜெயபாண்டி.

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

கல்யாணமாகி அவள் இப்படி ஒத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை. அவர் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

மெயினை அணைத்து, சூளையை ஆறவிட்டு, ஒவ்வொரு காயிலிலும் மீட்டரை வைத்தார். எல்லாமே நன்றாக இருப்பதாக மீட்டர் சொன்னது.

"மீட்டரு பொய் சொல்லுது," என்றார்.

ஒரு காயில், அது உட்கார்ந்திருக்கும் சுவர்ப் பள்ளமான காடியை விட்டுத் தொங்கியது. குறட்டால் உள்ளே தள்ளினார். பழைய காயில் ஆறிவிட்டால் அப்பளம் மாதிரி. படக்கென்று முறிந்தது.

"அண்ணன..."

"அவன் பேரை எடுக்காத!"

பஜாருக்குப் போய்ப் புதுக் காயில் வாங்கி வந்தார். அதைக் காடியின் அளவுக்கு இழுத்து நீட்டிவிட்டு மாட்ட வேண்டும். ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டி, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு தெருப்பக்கம் நடந்தார்.

"என்ன அண்ணாச்சி, துணி காயப்போடக் கொடி கட்டுதீங்களா?" என்றாள் பக்கத்து வீட்டு பேபி.

கோபத்தில் இன்னும் கொஞ்சம் இழுத்தார். இழுத்த காயில் மறுபடி சுருங்காது. மாட்டும்போது நிறைய மிஞ்சியது. மிச்சத்தை நறுக்கி எறிந்தார். கம்பி குட்டையானால் கரண்டை அள்ளி இழுக்கும் என்று அவர் பார்த்த வீடியோவில் சொல்லியிருந்தார்கள். அந்த இடத்தை அவர் ஓட்டிவிட்டுப் பார்த்திருந்தார்.

சுவிட்சைப் போட்டார். புதுக் காயில் ஜொலித்தது.

"பாத்தியா!" என்றார்.

டப்பென்று ஒரு சத்தம். சுவிட்ச் கருகியது. வீட்டில் விளக்கு, மின்விசிறி, பாதி மாவோடு கிரைண்டர், எல்லாம் அடங்கின.

வேகாத கோப்பையைக் கையில் எடுத்துப் பார்த்தார். மகளின் பெயரில் பாதி விரலோடு வந்தது. ரோசத்தை ஓரமாக வைத்துவிட்டுப் போனை எடுத்தார்.

"மச்சான்..."

"இந்தா வாரேன் மாப்ள!"

உச்சிமாகாளி ஒரு கையில் ஸ்பானர் பையும் மறு கையில் போளிப் பொட்டலமுமாக வந்து இறங்கினார்.

"அன்னைக்கு உங்களுக்குன்னு சூடா தனியா எடுத்து வச்சேன் மாப்ள. இருந்த பரபரப்புல மறந்துட்டேன். அதுக்கப்புறம் எனக்கும் போளி எறங்கல."

ஜெயபாண்டி அழுதேவிட்டார். "ஞாயித்துக்கிழமை நீங்க மடியில வச்சாத்தான் எம் புள்ளைக்குக் காது குத்து!"

மாரிச்செல்வி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உச்சிமாகாளி மண்மூட்டைகளை நகர்த்தி, பின்னால் இருந்த பியூஸ் பெட்டியைத் திறக்கப் போனார்.

அப்போது சுவருக்கு மேலே பேபியின் தலை தெரிந்தது.

"ஏட்டி செல்வி, உங்க அண்ணந்தான் வந்துட்டாவளே! நேத்து நீ சூளையோட மூணு லைன்ல ஒண்ணுல கழட்டித் தந்த பியூஸ் கட்டை எங்க அரிசிப் பானைக்குள்ளயே கெடக்கு, எடுத்துட்டு வரட்டுமா?"