சர்வரை நேரில் பார்த்த குற்றம்

தொழில்நுட்ப வரலாற்றை எழுதப் போகிறவர்கள், 2003-இல் திருப்பூருக்கும் மங்கலத்துக்கும் இடையே நடந்த மகத்தான முயற்சியை விட்டுவிட்டால், அந்த வரலாறு செல்லாது.

திருப்பூர் தலைமை ஆபீஸில் ‘சர்வர்’ இருந்தது. மங்கலம் பனியன் யூனிட்டில் வேல்விழி இருந்தாள். விருதுநகர்ப் பக்கமிருந்து பிழைக்க வந்த குடும்பம். கம்ப்யூட்டர் ஆபரேட்டர் வேலை. பெட்டிவாரியான பேக்கிங் விவரத்தை அவள் மோடம் வழியாக சர்வருக்கு அனுப்ப வேண்டும். டயல் செய்வாள். மறுமுனையில் பேக்ஸ் மெஷின் எடுத்துக் கீச்சிடும். ஆபீஸில் அந்த பேக்ஸும் சர்வரின் மோடமும் ஒரே டெலிபோன் லைனில், தாமே எடுக்கும்படி வைக்கப்பட்டிருந்தன. பேக்ஸ், முதலாளி தங்கதுரையின் தம்பி கந்தப்பன் வாங்கியது. மோடம், மருமகன் சசிகுமார் வாங்கியது. ஆகவே இது ‘தொழில்நுட்பப் பிரச்சினை’ ஆயிற்று.

‘சிஸ்டம்ஸ் மேனேஜர்’ சசிகுமார் மோடத்தை முதல் மணியிலேயே எடுக்க வைத்தார். வெளிநாட்டிலிருந்து பேக்ஸ் வருவது நின்றுபோனது. கந்தப்பன் பேக்ஸை அதற்கும் முந்த வைத்தார். கூட்டம் கூடியது.

“ரெண்டுல ஒண்ணுக்குத் தனி லைன் வாங்கிட்டா என்ன சார்?” என்றாள் வேல்விழி. எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தைச் சபையில் சொல்வது எவ்வளவு பெரிய அநாகரிகம் என்று அவளுக்குத் தெரியவில்லை.

“என்ற பேக்ஸுதான் மொதல்ல வந்துது, அம்மிணி. அது ஏன் லைன உட்டு எறங்கோணும்?” என்றார் கந்தப்பன்.

“மோடத்துக்கும் மரியாதை இருக்குதுங்க மாமா,” என்றார் சசிகுமார்.

“ரெண்டு பேரு மனசும் நோகாத வழியாப் பாருங்க,” என்று தீர்ப்பளித்தார் தங்கதுரை.

அந்த வாரம் தூத்துக்குடிக்குக் கன்டெய்னர் கிளம்ப வேண்டும்; பேக்கிங் விவரம் சர்வருக்கு வராமல் அது நகராது. வேல்விழி காலை முழுக்க டயல் செய்தாள். கீச். கன்டெய்னர் தவறினால் தையல் பெண்களுக்கு அடுத்த ஆர்டர் இல்லை. மதியம் விவரத்தைப் ப்ளாப்பியில் ஏற்றி, துப்பட்டாவுக்குள் பொத்திக்கொண்டு, டவுன் பஸ்ஸில் நெரிபட்டு வந்து, சர்வரில் தன் கையாலேயே போட்டாள். கன்டெய்னர் கிளம்பியது.

மறுநாள் விசாரணை.

“சர்வர் தூரத்துல இருந்து பாக்கறதுக்குன்னு வெச்சதுங்க. ஆளாளுக்கு நேர்ல வந்துட்டா மோடம் எதுக்குங்க?” என்று கேட்டார் சசிகுமார்.

“நியாயந்தானுங்களே,” என்றார் கந்தப்பன். இருவரும் ஒத்துப்போனது அதுவே முதல் தடவை. தங்கதுரைக்குக் கண் கலங்கிவிட்டது.

“கன்டெய்னர் போயிருச்சுல்ல சார்?” என்றாள் வேல்விழி.

“போயிருச்சு கண்ணு. அதுதான் எங்களுக்கு வெக்கமாப் போச்சு,” என்றார் தங்கதுரை.

மோதல் தீர ஏதாவது ஒன்றை அகற்றியே ஆக வேண்டும் என்று ஆராய்ந்து முடிவெடுத்தார்கள். பேக்ஸுக்குத் தம்பி இருந்தார். மோடத்துக்கு மருமகன் இருந்தார். வேல்விழிக்கு வேலை தெரிந்திருந்தது; ஆபீஸில் ஆள்தான் யாரும் இல்லை.