நோட்டீஸ் மாமா தின்ற பஜ்ஜி

தொண்ணூறுகளில் எங்கள் மந்தைவெளித் தெருவில் நிம்மதியாக ஒரு வாய் சாப்பிட்டவர் ஒருவர்கூடக் கிடையாது. அதற்கு முழுப் பொறுப்பு நோட்டீஸ் மாமாதான்.

சுகாதார இலாகாவில் நோட்டீஸ் அனுப்பும் பிரிவில் அவர் குமாஸ்தா. அனுப்பியதோடு விட்டிருக்கலாம். அத்தனையையும் படித்து, நம்பி, மீந்ததைப் பையில் போட்டுக்கொண்டு தெருவுக்கு வந்துவிடுவார். காய்கறியை நறுக்கிய பிறகு கழுவக் கூடாது என்று நோட்டீஸ் வந்த வாரம், காலை ஏழு மணிக்கு ஒவ்வொரு வீட்டு அடுக்களை ஜன்னலிலும் அவர் முகம் தெரிந்தது. கல்யாணப் பந்தியில் அப்பளம் போட வந்தவரிடம், எண்ணெய் எத்தனாவது தடவை காய்ந்தது என்று விசாரித்துவிட்டுத்தான் இலையைக் காட்டுவார். அவர் வீட்டு மாமி, வடை ஆசை வந்தால் எங்கள் வீட்டுக்கு வந்து தட்டிக்கொள்வார்.

தெருமுனையில் கன்னியம்மாவின் பஜ்ஜிக் கடை. ஒரு மழைக்காலத்தில் மஞ்சள் காமாலை பரவியபோது, தெருவோரப் பண்டங்களைப் பற்றி எச்சரித்து நோட்டீஸ் வந்தது. மாமா அதைக் கடைக்கு எதிரே விளக்குக் கம்பத்தில் ஒட்டி, போதாதென்று தினமும் உரக்கப் படித்தும் காட்டினார். தலைப்பை அவர் படித்த குரலிலேயே கூட்டம் கலைந்துவிடும். மிச்சத்தைக் கேட்க யாரும் நிற்கவில்லை. நாலே நாளில் வியாபாரம் படுத்துவிட்டது. அவள் குடும்பத்துக்கு வேறு பிழைப்பு கிடையாது. ஐந்தாம் நாள், கடையை எடுத்துவிடப் போவதாக மாமாவிடமே வந்து சொன்னாள்.

"தலைப்பு ஊருக்கே கேட்டுச்சு மாமா. கீழ இன்னா போட்டுகீது, அத்தப் படி."

மாமா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மூன்று முறை படித்தார். திறந்து வைத்தது கூடாது, ஆறியது கூடாது, காய்ந்த எண்ணெயை மறுபடி காய்ச்சக் கூடாது. கண்ணெதிரே சுடச்சுடப் போட்டதைக் கூடாதென்று சொல்லவே இல்லை. மாமாவின் முகம் தொங்கிவிட்டது.

மறுநாள் சாயங்காலம் ஆபீஸிலிருந்து நேரே கடைக்கு வந்தார். பழைய எண்ணெயின் தலையில் புதுசை ஊற்றுவதுதான் பஜ்ஜிக்கடை வழக்கம். மாமா பழசைத் தன் கையாலேயே கொட்டி, சட்டியைத் தேய்த்துக் கழுவி, புது பாக்கெட்டை எல்லோருக்கும் காட்டிப் பிரித்தார். நோட்டீஸின் கீழ்ப்பாதியை உரக்கப் படித்தார். இருபது பேர் நின்றோம். ஒருவரும் கை நீட்டவில்லை. எல்லோரும் அவர் வாயையே பார்த்தோம்.

"நீ துன்னாத்தான் அவங்க துன்னுவாங்க," என்றாள் கன்னியம்மா.

தெருவில் பச்சைத் தண்ணீர்கூடக் குடித்திராத மனுஷர். வாழைக்காய் பஜ்ஜி ஒன்றை எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு கடித்தார். நன்றாக மெல்ல வேண்டும் என்று வேறொரு நோட்டீஸ் சொல்லியிருந்ததால் மென்றார், மென்றார், நாங்கள் பொறுமை இழக்கும்வரை மென்றார்.

"உப்பைக் கொஞ்சம் கொறைச்சுக்கோ," என்றார் கடைசியில். "மத்தபடி பேஷா பண்ணிண்டிருக்கே. இன்னொண்ணு போடு."

அன்று மாவு தீரும்வரை கூட்டம் கலையவில்லை.

எங்களுக்கு அது வெறும் பஜ்ஜி. அச்சடித்த ஒவ்வொரு எழுத்தையும் நம்பிய அவருக்கோ, உயிர் போனாலும் போகட்டும் என்று வாயில் போட்ட பஜ்ஜி. அவ்வளவு பயத்தோடும் அவளுக்காகச் சாப்பிட்டாரே, அதனாலேயே அவரை எனக்கு இன்னும் ரொம்பப் பிடிக்கும்.